வாய் திறந்த குடை

நாற்பது பிள்ளைகளும் காவிரிக் கரையில் பிறந்திருந்தார்கள்.

கமலவேணி டீச்சர் கட்டுரைக் கட்டை மறுபடியும் மேலிருந்து புரட்டிப் பார்த்தாள். தலைப்பு ‘எங்கள் ஊர்’. ‘எங்கள் ஊர் காவிரிக் கரையில் அமைந்த அழகிய சிற்றூர். மாமா வீட்டு மாந்தோப்பில் கிளிகள் கொஞ்சும்’ என்று முதல் பிள்ளை எழுதியிருந்தது. அடுத்த பிள்ளைக்கும் அதே காவிரி, அதே மாமா, அதே கிளி. எழுதியவர்களோ காஜா பேராங் வட்டாரத்தை விட்டு வெளியே போகாதவர்கள். மலாக்கா ஆற்றைத் தவிர வேறொரு ஆற்றில் கால் நனைத்ததில்லை.

கடைசி வரிசையில் இருந்த உமரை எழுப்பினாள். மசாலைக்கடை ஷரீஃபுதீன் மகன்.

“உமர், காவேரி எங்கே இருக்கு?”

“நாலாவது பக்கத்துல டீச்சர்.”

பையன் சொன்னதில் தப்பில்லை. அந்தச் சின்னத் தமிழ்ப் பள்ளியில் கட்டுரை என்றால் மனப்பாடம். தலைமையாசிரியர் மாணிக்கவாசகம் தம் முத்து முத்தான கையெழுத்தில் எழுதி வைத்திருந்த மாதிரிக் கட்டுரைகள் சில உண்டு. பசு, பொங்கல், எங்கள் ஊர், ஒரு குடையின் தன்வரலாறு. இன்றைய பிள்ளைகளின் அப்பன்மார் எழுதியதும் அதே பசுதான். நாடு மெர்டேக்கா என்று சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம் ஆகப்போகிறது. கட்டுரை மட்டும் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய இடத்திலேயே நின்றது.

கமலவேணி தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். மாணிக்கவாசகத்தைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அவர் குடையைச் சொல்ல வேண்டும். நீளமான கறுப்புக் குடை, வளைந்த மூங்கில் பிடி. மழையோ வெயிலோ கக்கத்தில் இருக்கும். அதன் நுனி தரையில் ‘டொக்’கென்று தட்டினால் மூன்று வகுப்பு அடங்கும்.

பிள்ளைகள் சொந்தமாக எழுத ஒரு சுவர்ப் பத்திரிகை தொடங்கலாமா என்று அவள் கேட்டாள். வாரத்தில் கண்ணால் பார்த்ததை அவரவர் எழுத வேண்டும், வெள்ளிக்கிழமை சுவரில் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான் என்றாள்.

“சொந்தமா எழுதினா பிழை வருமே,” என்றார் அவர்.

“வரும் சார். ஆனா பிள்ளையும் கூடவே வரும்.”

அவர் குடைப்பிடியைத் தடவிக்கொண்டார். பிறகு, பள்ளித் தவணை ஒன்று மட்டும் பார்க்கலாம், ஏதாவது வம்பு வந்தால் பள்ளி வாரியத்துக்கு அவளே பதில் சொல்லிக்கொள்ள வேண்டும் என்றார். அவள் தற்காலிக டீச்சர். பயிற்சிச் சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை. வாரியம் ஒரு வார்த்தை சொன்னால் மறுநாளே பெட்டி கட்ட வேண்டியதுதான்.

இருந்தாலும் தொடங்கினாள். அந்த மனசுக்குத்தான் கும்பிடு போட வேண்டும்.

வகுப்பு வாசலில் ஒரு ரொட்டி டின்னை வைத்து மூடியில் வாய் வெட்டினாள். எழுதியதை அதில் போடலாம். பெயர் போடக் கூச்சமாக இருந்தால் போட வேண்டாம். இந்தச் சலுகை கோகிலாவுக்காக. கோகிலா ஆண்டு முழுவதும் வாயைத் திறக்காத பெண். ‘உள்ளேன் டீச்சர்’ என்பதைக்கூடப் பக்கத்துப் பிள்ளைதான் சொல்லும்.

முதல் வாரம் வந்தது காவிரிதான். சுவரில் காவிரி ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டாள். பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். அப்படியானால் என்னதான் எழுதுவது? உன் வீட்டில் என்ன நடக்கிறதோ அது, என்றாள். அதையெல்லாமா எழுதுவார்கள் என்று தியாகுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே எழுதினான்:

‘என் அப்பா முனிசிபல் லாரி ஓட்டுகிறார். லாரியில் இருக்கும்போது ராஜா. வீட்டில் இறங்கியதும் சிப்பாய். ராணி அடுப்படியில் இருக்கிறார்.’

அடுத்து உமர்: ‘மிளகாய் மூட்டை பிரிக்கும் நாளில் என் அத்தா யாரையும் திட்ட மாட்டார். தும்மவே நேரம் சரியாக இருக்கும். எனக்கு மிளகாய் பிடிக்கும்.’

டின்னின் அடியில் பெயரில்லாமல் ஒரு துண்டுத்தாள் கிடந்தது: ‘எங்கள் வீட்டில் பேசுவதற்கு முறை உண்டு. பெரியவர்கள் முதலில். நான் கடைசி. எனக்கு முறை வருவதற்குள் விளக்கை அணைத்துவிடுவார்கள்.’

கமலவேணி அதைப் படித்துவிட்டு, சன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டாள். எல்லாவற்றையும் ஒட்டினாள். ஒவ்வொன்றின் கீழும் சிவப்புப் பென்சிலால் ஒரு வரி எழுதினாள். ‘நன்று. இன்னும் தும்மு.’ ‘நன்று. ராணியிடம் காட்டினாயா?’ துண்டுத்தாளின் கீழே, ‘மிக நன்று. இந்தச் சுவரில் நீதான் முதல்’ என்று எழுதினாள். கோகிலா அந்தச் சிவப்பு வரியின் முன்னால் நின்றது நின்றபடி நின்றாள்.

சுவர் பிடித்துக்கொண்டது. பிள்ளையை அழைத்துப்போக வந்த பெற்றோர் வாசலில் நின்று படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகளே படித்துக் காட்டினார்கள். ஷரீஃபுதீன் பாய் மகன் எழுதியதைப் படித்து, படித்த இடத்திலேயே ஒரு தும்மல் போட்டார்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் டின்னுக்குள் குடை வந்தது.

‘நான் ஒரு குடை. பிறர்க்குத் தொண்டு செய்வதே என் பிறவிப் பயன் என்று எல்லாப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. நான் இருப்பது தலைமையாசிரியர் கக்கத்தில். மழை வந்தால் நான் நனைந்துவிடுவேன் என்று விரிக்க மாட்டார், தாம் நனைவார். வெயில் வந்தால் என் சாயம் போய்விடும். பிறகு எதற்கு என்னைத் தூக்குகிறார்? ஒரு ரகசியம் சொல்கிறேன். மெர்டேக்கா அணிவகுப்பைப் பார்த்த நாளிலிருந்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு, என்னைத் துப்பாக்கி போலத் தோளில் சாய்த்து நடை போடுகிறார். திரும்பும்போது கால் மாறிப் போகிறது.’

கமலவேணி அதை மறைத்து வைக்கத்தான் நினைத்தாள். ஆனால் டின்னைத் திறக்கும்போது பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். தியாகு எட்டிப் பார்த்து உரக்கப் படித்துவிட்டான். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. மறைத்தால் சுவரின் மேல் பிள்ளைகளுக்கு இருந்த நம்பிக்கை போய்விடும். ஒட்டினாள். கீழே மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

சாயங்காலமே அழைப்பு வந்தது. மாணிக்கவாசகம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தாளைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தாள். துப்பாக்கி வந்த இடத்தை வேகமாகத் தாண்டினாள்.

“மறுபடி வாசிங்க. மெதுவா.”

வாசித்தாள்.

“எந்த இடத்துல சிரிச்சாங்க?”

“சார்?”

“குற்றம் எவ்வளவு பெருசுன்னு தெரியணும் இல்ல? துப்பாக்கியிலயா, கால் மாறினதுலயா?”

கால் மாறினதில்தான் அதிகம் என்று அவள் தலைகுனிந்து சொன்னாள். அவர் ‘ம்ம்’ என்றார். தாளைத் திருப்பிப் பார்த்தார்.

“எல்லாருக்கும் கீழ ஏதோ எழுதியிருக்கீங்க. இதுக்கு ஏன் ஒண்ணுமில்ல?”

“உங்களை அவமானப்படுத்தி எழுதினதுக்கு நான் எப்படி சார் நல்லா இருக்குன்னு போடுவேன்?”

அதுவும் சரிதான் என்றார். ஆனால் முகம் சுண்டிப்போனது. தாளைக் கிழித்துவிடட்டுமா என்று அவள் கேட்டபோது மட்டும் பதறிவிட்டார். சாட்சியத்தை யாராவது கிழிப்பார்களா? சுவரிலேயே இருக்கட்டும், நடுவில் ஒட்டி வையுங்கள், எழுதியவன் தானாக வந்து பார்ப்பான், பிடித்துவிடலாம் என்றார்.

எழுதியவன் வரவில்லை. அடுத்த வாரம் குடைதான் மறுபடி வந்தது. சார் சாயங்காலம் தெங்கேராவில் நண்பரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போவது நண்பரைப் பார்க்க அல்ல, மரத்தடிக் கடையில் செண்டோல் சாப்பிட என்று எழுதியிருந்தது. ‘என்னை விரித்து முன்னால் பிடித்துக்கொள்வார். நான் விரிவது அங்கே மட்டும்தான். ஐஸும் தேங்காய்ப் பாலும் மலாக்காச் சீனியும் என் நிழலில் இறங்கும் சத்தம் எனக்கு மனப்பாடம்.’

சாருக்கு இனிப்பு நீர் வியாதி என்பது ஊருக்கே தெரியும். மறுநாள் மத்தியானம் சாரின் மனைவி சீதா அம்மா சாப்பாட்டு அடுக்குச் சட்டியோடு வந்தவர், சுவர் முன்னால் நின்றார். கமலவேணி ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டாள்.

“நீங்க ஏம்மா மன்னிப்புக் கேக்கிறீங்க? குடை பொய் சொல்லலையே,” என்றார் சீதா அம்மா. அன்றிலிருந்து சாரின் கோப்பியில் சீனி நின்றது. தெங்கேரா நின்றது. அவரோ ஒரு வார்த்தை முனகவில்லை. எழுதியவனை மட்டும் கண்டுபிடிக்க வேண்டும் என்றார்.

தெங்கேரா பக்கம் போகிற பிள்ளை யார் என்று கமலவேணி விசாரித்தாள். பாதி வகுப்பு போகிறதாம். கையெழுத்தைப் பார்த்தாள். அதிலும் பயனில்லை, எல்லாப் பிள்ளைகளும் சாரின் எழுத்தைப் பார்த்தே எழுதிப் பழகியவர்கள். ஊர் முழுக்க ஒரே முத்து முத்தான கையெழுத்து. அன்பாகக் கேட்டால் சொல்வார்களோ என்று, ‘குடை யார்? அடிக்க மாட்டேன்’ என்றாள். எல்லாரும் கையைத் தூக்கினார்கள். குடை அவ்வளவு பேர் வாங்கியிருந்தது.

சார் ஒரு வழி சொன்னார். டின்னை இங்கே என் மேசைமேல் வையுங்கள். எவன் வந்து போடுகிறான் என்று நானே பார்த்துக்கொள்கிறேன்.

அந்த வாரம் டின்னில் குடை இரண்டு முறை எழுதியிருந்தது.

“கொஞ்சம் அசந்துட்டேன்,” என்றார் சார்.

முதலாவது சிரிப்புக்கு. இரண்டாவதை வாசித்தபோது கமலவேணி சிரிக்கவில்லை.

‘வகுப்பில் பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்டால் அவர் என்னை எடுத்துக்கொண்டு வெளியே வருவார். வந்ததும் சத்தம் நின்றுவிடும். அடக்க வருகிறார் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். எதற்காகச் சிரித்தீர்கள் என்று கேட்கத்தான் வருகிறார். கேட்கத் தெரியாமல் என்னை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பிப் போகிறார்.’

எந்தப் பிள்ளைக்கு இந்தக் கண் என்று அவள் அசந்துபோனாள். சிவப்புப் பென்சில் தானாகத் தாளுக்குப் போனது. ‘ந’ போடப்போன கையை இழுத்துக்கொண்டாள். தலைமையாசிரியரைப் பற்றியது, வாரியம் பார்த்தால்?

கடைசி வழியையும் சார்தான் சொன்னார். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் உட்காரவைத்து, ‘தலைமையாசிரியர் குடை’ என்ற தலைப்பில் எழுதச் சொல்லுங்கள். நடையை வைத்துப் பிடித்துவிடலாம். கமலவேணி எழுதச் சொன்னாள். ஒரு கள்ளனைப் பிடிக்கப் போய் வகுப்பு முழுவதும் கள்ளனாகிவிட்டது. நாற்பது பிள்ளைகள், நாற்பது குடைகள். ஒன்று அழுதது, ஒன்று பாடியது, ஒன்று சாரை விட்டுவிட்டுச் சீதா அம்மாவோடு காய்கறி வாங்கப் பாசாருக்குப் போக ஆசைப்பட்டது. ஒன்றில்கூடக் காவிரி இல்லை.

சார் தாள் கட்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். உள்ளே மேசையைக் குத்தும் சத்தம் கேட்டது. வெளியே நின்ற கமலவேணி முருகக் கடவுளை வேண்டிக்கொண்டாள். நெடுநேரம் கழித்துக் கதவு திறந்தது. சாரின் கண்கள் சிவந்து, கன்னம் நனைந்திருந்தது.

“இதுல எதுவும் அந்தக் குடை இல்லை,” என்றார். போகத் திரும்பியவளை நிறுத்தி, கொஞ்சம் கவலையோடு, “தியாகு மட்டும் கிட்ட வந்துட்டான்,” என்றார்.

விஷயம் அதற்குள் கடைத்தெருவான ஜாலான் பெண்டஹாராவுக்குப் போய்விட்டது. ஷரீஃபுதீன் பாய் மல்லி நிறுத்துக்கொண்டே குடைக் கதையை எல்லாருக்கும் ஒப்பித்தார். எதிர்க்கடை சேதுராமன் காதில் விழுந்தது. துணிக்கடை முதலாளி சேதுராமன்தான் பள்ளி வாரியத் தலைவர். சிரித்தால் மரியாதை குறையும் என்று நம்புகிறவர். மறுநாளே வந்து இறங்கினார். வகுப்பில் பிள்ளைகள் முன்னாலேயே விசாரணை.

தலைமையாசிரியரைக் கேலிப்பொருளாக்கிய பத்திரிகை இன்றோடு நிற்க வேண்டும் என்றார். எழுதியவனை வெளியே அனுப்ப வேண்டும். எழுதியவன் தெரியாவிட்டால், எழுத வைத்த டீச்சரை அனுப்ப வேண்டும்.

கமலவேணி தன் பங்குக்கு ஒன்றுதான் சொன்னாள்.

“என்னை அனுப்புங்கய்யா. சுவரைக் கிழிக்காதீங்க. இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்குங்க.”

சேதுராமன் சுவரில் கை வைத்தார். அப்போது முன் வரிசையில் ஒரு பெஞ்சு கிரீச்சிட்டது.

“குடை நான்தான்.”

கோகிலா நின்றுகொண்டிருந்தாள். அவள் குரல் எப்படி இருக்கும் என்று அதுவரை வகுப்பில் யாருக்கும் தெரியாது. சன்னமாக இருந்தது, ஆனால் கடைசி வரிசை வரை கேட்டது. “என்னை அனுப்பிடுங்க. டீச்சரும் சுவரும் இருக்கட்டும்.”

“நீ எழுதலை,” என்றார் மாணிக்கவாசகம் சட்டென்று.

சேதுராமன் திரும்பினார். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

சார் இருமினார். குடையைக் கை மாற்றினார். அவள் இன்னும் எதிர்த்துப் பேசப் பழகவில்லை, இன்றுதான் முதல் பாடம் என்று என்னவோ சொன்னார். அதற்குள் தியாகு எழுந்து குடை தான்தான் என்றான். உமர் எழுந்தான். பெஞ்சுக்குப் பெஞ்சு எழுந்து வகுப்பே நின்றது.

சேதுராமன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நாற்பது பேரையும் அனுப்பினால் பள்ளிக்கூடம் ஏது?

மாணிக்கவாசகம் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தார். கோகிலாவைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அவமானம் யாருக்கு என்று கேட்டார். எனக்குத்தானே? அவமானப்பட்டவன் நானே சொல்கிறேன், பத்திரிகை நிற்கக்கூடாது என்றார்.

“என்னய்யா பேசுறீங்க?”

“நிறுத்திட்டா அவன் எழுத மாட்டான். எழுதாம இருந்தா எப்படிப் பிடிக்கிறது? நடத்துற டீச்சரும் இருக்கணும். அவனைப் பிடிக்கிற வரைக்கும், எத்தனை வருஷமானாலும் சரி.”

சேதுராமன் அதில் ஓட்டை தேடிப் பார்த்தார். அகப்படவில்லை. சட்டப்படி சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, சுவரில் செண்டோல் பகுதியை ஒருமுறை படித்துவிட்டுப் போனார்.

சார் குடையைத் தரையில் ‘டொக்’கென்று தட்டினார். வகுப்பு அடங்கியது. அவர் போகவில்லை. “காலையில எதுக்குச் சிரிச்சீங்க?” என்று கேட்டார். பிள்ளைகள் சொன்னார்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் சொன்னதால் ஒன்றும் விளங்கவில்லை. கோகிலா மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்.

கமலவேணி அன்று வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்து போனாள். வேலை தப்பியது. சுவர் தப்பியது. ஒரு பெண் வாயைத் திறந்தாள். ஒரே குறை, அந்தக் குடைப் பிள்ளை யாரென்று தெரியவில்லை. இத்தனை பேர் குரலைக் கண்டுபிடித்தவளுக்கு அந்த ஒரு குரல் அகப்படவில்லையே என்று மனதில் ஒரு முள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம், புதுத் தாள்களை ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் சிவப்பு வரி எழுதிக்கொண்டிருந்தாள். குடையின் தாளை வழக்கம்போல் தாண்டிப் போனாள். பின்னால் வளையல் சத்தம். அடுக்குச் சட்டியோடு சீதா அம்மா. தலைமையாசிரியர் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, காதருகில் வந்தார்.

“டீச்சர், ஒரு உபகாரம். குடைக்கும் ஒரு ‘நன்று’ போட்டுவிடுங்களேன். வெள்ளிக்கிழமையானா வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழட்டாம, ‘இன்னிக்கும் டீச்சர் எனக்கு ஒண்ணும் போடலை சீதா’ன்னு உக்காந்துடுறாரு.”